முதலில் யார் படிக்க வேண்டும்? (வாசகர் கேள்விகள்)

இரண்டு இதழ்களுக்கு முன்னால் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "என் மகன் படிக்கும் கல்லூரியில் ஒரு திருநங்கை சேர்ந்திருக்கிறார், மகனிடம் என்ன சொல்லி வைப்பது?" ஒன்றும் சொல்லி வைக்க வேண்டாம், பெயரைக் கேட்டுக்கொண்டு மற்றவர்களோடு பழகுவது போலப் பழகச் சொல்லுங்கள் என்று நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களும் மின்னஞ்சல்களும் இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. திட்டியவர்கள் இருக்கிறார்கள், படிக்கிற என் கண்ணைக் கலங்க வைத்தவர்களும் இருக்கிறார்கள். அதனால் இந்த முறை வேறு கேள்விகளை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு, முழுக்க இதையே பேசிவிடலாம். எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை, ஊர் மட்டும்.

டீச்சர், திருநங்கைகள் இப்போது டிவியில் செய்தி வாசிக்கிறார்கள், போலீஸில் இருக்கிறார்கள், பத்ம விருதே வாங்கிவிட்டார்கள். எல்லாம்தான் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன உரிமை என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள்? (கோவில்பட்டி)

நீங்கள் சொன்ன ஒவ்வொருவரையும் எடுத்துப் பார்ப்போம். அப்படிப் பார்த்தால் உங்கள் கேள்விக்கான பதில் அவர்கள் கதையிலேயே இருக்கிறது.

பிரித்திகா யாஷினி 2015ல் சப் இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது விண்ணப்பத்தில் ஆண், பெண் என்று இரண்டே கட்டங்கள்தான். விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். எழுத்துத் தேர்வு எழுத ஒரு முறை, அடுத்த கட்டத்துக்குப் போக ஒரு முறை என்று ஒவ்வொரு படிக்கும் கோர்ட் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. 100 மீட்டர் ஓட்டத்தில் ஒரு நொடி சொச்சம் பிந்தியதற்குக்கூட வழக்கு. கடைசியில் 2017 ஏப்ரலில்தான் தர்மபுரி மாவட்டத்தில் பணியில் சேர்ந்தார். அவரோடு தேர்வு எழுதிய மற்ற பெண்களில் யாராவது, தான் யார் என்று நிரூபிக்க வக்கீல் வைத்திருப்பார்களா?

சத்யஸ்ரீ ஷர்மிளா, பரமக்குடிக்காரர். சட்டம் படித்து முடித்துவிட்டு வருடக்கணக்கில் பதிவு செய்யாமலே காத்திருந்து, 2018 ஜூனில்தான் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். நர்த்தகி நடராஜ் மதுரையில் சிறு வயதிலேயே வீட்டை விட்டு வெளியேறியவர். தஞ்சாவூரில் கிட்டப்ப பிள்ளை என்கிற பெரிய குருவின் வாசலில் போய் நின்று, வருடக்கணக்கில் அவரிடமே இருந்து நாட்டியம் கற்றுக்கொண்டார். 2019ல் பத்மஸ்ரீ. கோவையில் ஒரு தொலைக்காட்சியில் 2014 சுதந்திர தினத்தன்று பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. செய்தி வாசிப்பது டிவியில் தினமும் நடக்கிற வேலை, ஆனால் அன்றைக்கு அதுவே செய்தி ஆனது.

இவர்கள் பெயருக்கு முன்னால் எல்லாம் 'முதல்' என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதை நான் பெருமையாகவும் படிக்கிறேன், வலியாகவும் படிக்கிறேன். 'முதல்' என்று எழுத வேண்டியிருக்கிறது என்றால் அதற்கு முன்னால் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம் என்றுதானே அர்த்தம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கண்ணில் படுவது ரொம்ப முக்கியம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2008ல் விஜய் டிவியில் ரோஸ் என்கிற திருநங்கை ஒரு பேச்சு நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். அதுவரை நம் வீடுகளில் திருநங்கை என்றால் சினிமாவில் ஹீரோவைத் துரத்தி அடி வாங்குகிற பாத்திரம் மட்டும்தான். ஒரு திருநங்கை புடவை கட்டிக்கொண்டு நிதானமாக உட்கார்ந்து, எதிரில் இருப்பவரிடம் அறிவோடு கேள்வி கேட்பதை என் மாமியார் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நல்லாப் பேசுதே இந்தப் பொண்ணு" என்றார். 'இந்தப் பொண்ணு' என்று அவர் வாயில் தானாக வந்தது. நான் பாடம் நடத்தியிருந்தால் வந்திருக்காது.

ஆனால் கொச்சி மெட்ரோ கதை உங்களுக்கு நினைவிருக்கிறதா? 2017ல் இருபதுக்கும் மேற்பட்ட திருநங்கைகளை வேலைக்கு எடுத்தார்கள், உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. ஓரிரு வாரத்திலேயே சிலர் வேலையை விட்டார்கள். வேலை பிடிக்காமல் இல்லை, அந்த ஊரில் அவர்களுக்கு யாரும் வாடகைக்கு வீடு தரவில்லை. லாட்ஜில் தங்கினால் சம்பளம் வாடகைக்கே போய்விடுகிறது. டிக்கெட் கவுன்டரில் பார்த்துப் பாராட்டிய அதே ஊர்தான், வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. எல்லாம் கிடைத்துவிட்டது என்கிறீர்கள். உங்கள் தெருவில் 'டு லெட்' போர்டு தொங்குகிற வீட்டில் கிடைக்குமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

அரவாணி, திருநங்கை, திருநம்பி, திருநர்... எதைச் சொன்னால் சரி? தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்தே பேசாமல் இருந்துவிடுகிறேன். (பாளையங்கோட்டை)

பயந்து பேசாமல் இருப்பதைவிடக் கேட்டுவிட்டுப் பேசுவது நல்லது. பிறந்தபோது ஆண் என்று எழுதப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணர்ந்து வாழ்பவர் திருநங்கை. பெண் என்று எழுதப்பட்டு ஆணாக வாழ்பவர் திருநம்பி. இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்ல திருநர். உடலமைப்பிலேயே இரண்டுக்கும் இடைப்பட்டுப் பிறப்பவர்கள் இடைபாலினர், அது வேறு விஷயம், குழப்பிக்கொள்ள வேண்டாம். கூத்தாண்டவர் கோயிலின் அரவானை வைத்து வந்த 'அரவாணி' என்ற சொல் ஒரு காலத்தில் மரியாதைச் சொல்லாக இருந்தது, 2008ல் நல வாரியம் அமைத்தபோதுகூட அந்தப் பெயர்தான் புழக்கத்தில் இருந்தது, அப்புறம் 'திருநங்கை' நிலைத்துவிட்டது. உயர் நீதிமன்றம் சொல்லி, 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு இப்படிப்பட்ட சொற்களைத் தொகுத்து அரசிதழிலேயே வெளியிட்டிருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் நாங்களும் அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

நேரில் பார்க்கும்போது இவ்வளவும் தேவையில்லை. பெயரைக் கேளுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அக்கா, அம்மா, தம்பி, சார் என்று நம் ஊரில் முறை வைத்துக் கூப்பிடச் சொல்லா இல்லை? அவன், அவள் என்பதில் சந்தேகம் வந்தால் 'அவர்' இருக்கவே இருக்கிறது.

நான் எட்டாம் வகுப்பு ஆசிரியர். என் வகுப்பில் ஒரு பையனின் நடை, பேச்சு, கையசைவு எல்லாம் பெண்பிள்ளை போல இருக்கிறது. மற்ற பையன்கள் கேலி செய்கிறார்கள். இரண்டு வாரமாகச் சரியாக வருவதில்லை. கண்டித்துத் திருத்துவதா, பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்வதா, எனக்குத் தெரியவில்லை. (தர்மபுரி மாவட்டம்)

உங்கள் கடிதத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் ஒரு மாணவர் இருந்தார். ஒன்பதாம் வகுப்பு. அழகான கையெழுத்து, கரும்பலகையில் தேதி எழுதுவது அவர் வேலை. அவர் நடந்து வரும்போது பின் பெஞ்சில் சிரிப்பு எழும். நான் சிரித்தவர்களைக் கண்டிக்கவில்லை. அவரைக் கூப்பிட்டு, "கொஞ்சம் ஒழுங்கா நடந்து பழகுப்பா, எதுக்கு அவங்களுக்கு இடம் கொடுக்கிற?" என்றேன். அக்கறையோடுதான் சொன்னேன், அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. அதற்கப்புறம் கழிப்பறைப் பக்கம் பையன்கள் அவரை என்ன செய்தார்கள் என்பதை ரொம்ப காலம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். அவர் காலையில் இருந்து மாலை வரை தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார், கழிப்பறைக்குப் போக வேண்டி வருமே என்று. காலாண்டுத் தேர்வு எழுதினார், அரையாண்டுக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் இருபது நாள் சுழித்துவிட்டு, அப்புறம் பெயரை அடித்தேன். என் கையால்தான் அடித்தேன்.

நீங்கள் இன்னும் அடிக்கவில்லை. அதனால் சொல்கிறேன், நாளைக்கே அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போங்கள். போய், நடையைப் பற்றியோ பேச்சைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசாதீர்கள். "ரெண்டு வாரமா வரலையே, பாடம் போகுதே" என்று மட்டும் கேளுங்கள். பெற்றோரிடம் உங்கள் சந்தேகத்தைச் சொல்லவே சொல்லாதீர்கள். அது உங்கள் சந்தேகம்தானே தவிர, அந்தப் பிள்ளை உங்களிடம் வந்து எதுவும் சொல்லவில்லை. பெண்மை கலந்த நடையோடு வளர்ந்து ஆணாகவே வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர். அது எதுவாக இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளை தன் நேரத்தில் தெரிந்துகொள்ளும், தன் வாயால் சொல்லும். நாம் முந்திக்கொண்டு பெயர் வைத்து வீட்டில் போட்டுக் கொடுத்தால், அடி விழுவது நமக்கு இல்லை.

அப்புறம் வகுப்பு. கேலி செய்கிறவர்களைத்தான் கண்டிக்க வேண்டும், அதையும் அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்திவிட்டு அதன் முன்னால் செய்யக் கூடாது. பட்டப்பெயர் வைத்து ஒருவரைக் கூப்பிட்டால் என் வகுப்பில் இடம் இல்லை என்று பொதுவாகச் சொல்லிவிடுங்கள், குண்டு, கருப்பு, நொண்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து. இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் யாராவது ஒரு ஆசிரியர் நிற்கட்டும், முடியாவிட்டால் ஆசிரியர் கழிப்பறைச் சாவியை அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள். பி.டி. பீரியடில் என்ன நடக்கிறது என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள். ஆண்டுவிழா நாடகத்தில் சிரிப்பு மூட்ட என்று பெண் வேஷம் கொடுத்துவிடாதீர்கள், அது அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் தண்டனை. கையெழுத்தோ கணக்கோ பாட்டோ, எதில் கெட்டியோ அதில் முன்னால் நிறுத்துங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2019ல் வந்த மத்திய சட்டம், அரசு நிதி பெறுகிற அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற எந்தக் கல்வி நிலையமும் திருநர் மாணவர்களைப் பாகுபாடு இல்லாமல், மற்றவர்களோடு சமமாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் எப்படி என்று ஆசிரியருக்குச் சொல்லித் தர யார் இருக்கிறார்கள்? பள்ளிப் பாடநூல்களைத் தயாரிக்கிற மத்திய அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 2021ல் அதற்கென்றே ஒரு பயிற்சிக் கையேடு தயாரித்தது. வெளியான சில நாளிலேயே எதிர்ப்பு கிளம்பி இணையத்தில் இருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் ரொம்பவே கோபம். நம்மை மாதிரி ஆசிரியர்கள் கையில் அது கிடைத்திருந்தால் ஒரு சில பதிவேடுகளிலாவது பெயர் அடிபடாமல் இருந்திருக்கும்.

அந்தப் பிள்ளைக்கு வீட்டில் அடி உதை என்று தெரிய வந்தால் 1098, குழந்தைகள் உதவி எண். மறக்க வேண்டாம்.

இதெல்லாம் மேல்நாட்டில் இருந்து வந்த பழக்கம், நம் கலாச்சாரத்தைக் கெடுக்கிறீர்கள். (சென்னை, ஊரப்பாக்கம்)

நீங்கள் தமிழ்ப் பற்று உள்ளவர் என்று கடிதத்தில் தெரிகிறது, அதனால் தமிழில் இருந்தே தொடங்குகிறேன். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தைத் திறந்தால், முதல் இயலின் நான்காவது நூற்பாவிலேயே 'ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி' என்று வருகிறது. ஆண்பால், பெண்பால், பலர்பால் என்று வகுத்த இலக்கணக்காரர், இப்படிப்பட்டவர்களைக் குறிக்கும் சொல்லும் உண்டு, அதற்கு உயர்திணை வினைமுடிபே வர வேண்டும் என்று விதி எழுதி வைக்கிறார். அதே நூற்பாவில் பக்கத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? 'தெய்வம் சுட்டிய பெயர்நிலைக் கிளவி'. மொழிக்கு இலக்கணம் எழுதிய நாளிலேயே அவர்கள் இங்கே இருந்தார்கள், உயர்திணையில் இருந்தார்கள். பழைய நூல்களில் 'பேடி' என்பதை வசவாகவும் சொல்லியிருக்கிறார்கள், அதையும் நான் மறைக்கவில்லை. மரியாதை எப்போதும் முழுதாக இருந்தது என்று சொல்ல வரவில்லை, ஆனால் இருந்தார்கள்.

கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமிக்கு அரவான் பெயரில் திருநங்கைகள் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கிற திருவிழாவை வெள்ளைக்காரர் கொண்டு வரவில்லை. வெள்ளைக்காரர் கொண்டு வந்தது வேறு. 1871ல் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டார்களே, அதில் ஒரு பகுதி முழுக்க இவர்களைப் பற்றியது. பெயரைப் பதிவு செய், பெண் உடையில் பொது இடத்தில் ஆடினால் பாடினால் கைது செய் என்று. இறக்குமதி என்றால் அந்த வெறுப்பைத்தான் இறக்குமதி என்று சொல்ல வேண்டும்.

என் மகளுக்குப் பத்தொன்பது வயது. தான் பெண் இல்லை, பையன் என்கிறாள். முடியை வெட்டிக்கொண்டாள். பெயரை மாற்றிக் கூப்பிடச் சொல்கிறாள். அவள் அப்பா ஒரு டாக்டரிடம் காட்டி 'சரி' பண்ணலாம் என்கிறார், மாமியார் பேய் ஓட்டக் கூட்டிப் போகலாம் என்கிறார். நான் யாரிடம் சொல்லி அழுவது? (கரூர்)

என்னிடம் அழுதுவிட்டீர்கள் அம்மா, அதுவே நல்லது. இனி அந்தப் பிள்ளையிடம் பேசுங்கள். பேய் ஓட்டப் போகவே போகாதீர்கள், அங்கே அடித்தே காயப்படுத்திவிடுவார்கள். டாக்டர் 'மாற்றிவிடுகிறேன்' என்று மாத்திரையோ ஷாக்கோ சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அப்படி மாற்ற முயல்வதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022ல் சொல்லிவிட்டது. அதற்கு அடிப்படை நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021 ஜூன் மாத உத்தரவு.

அந்த உத்தரவைப் பற்றி உங்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும், உங்கள் வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டுங்கள். ஒருவரை ஒருவர் விரும்பிய இரண்டு இளம்பெண்கள், பெற்றோருக்கும் போலீசுக்கும் பயந்து பாதுகாப்புக் கேட்டு வந்த வழக்கு அது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். அவர் என்ன செய்தார் என்றால், எனக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை, தெரியாமல் தீர்ப்பு எழுத மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, ஒரு உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்டார். பாலின மாறுபாடு உள்ளவர்களையும் சந்தித்துப் பேசினார். அந்தப் பெற்றோரையும் உளவியல் ஆலோசனைக்கு அனுப்பினார். அப்புறம்தான் உத்தரவு எழுதினார். போலீசுக்குப் பயிற்சி, நீதித்துறைக்குப் பயிற்சி, பள்ளி, கல்லூரியில் மாற்றம், பெற்றோருக்கு விளக்கம் என்று அதில் எல்லாம் வந்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் 2022ல், இவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று போலீஸ் நடத்தை விதியிலேயே தமிழ்நாடு அரசு சேர்த்தது. உயர் நீதிமன்ற நீதிபதியே 'எனக்குத் தெரியவில்லை, கற்றுக்கொள்கிறேன்' என்று சொல்லும்போது, நமக்கு அதைச் சொல்ல என்ன கூச்சம்?

இன்னொன்று அம்மா. உங்களுக்கு இவ்வளவு பயம் வருவதற்குக் காரணம், உங்கள் பிள்ளை மாதிரி ஒருவரை நீங்கள் பார்த்ததே இல்லை. திருநங்கைகளையாவது டிவியிலோ தெருவிலோ பார்த்திருக்கிறோம். திருநம்பிகள் கண்ணிலேயே படுவதில்லை. வீட்டை விட்டு வெளியே வரும் வழியே பெண்பிள்ளையாக வளர்ந்தவர்களுக்குக் குறைவு, படிப்பு முடியும் முன்பே கல்யாணம் பேசிவிடுகிறோம். வந்தாலும் சட்டையும் பேண்டும் போட்டுக்கொண்டு கூட்டத்தில் ஒருவராகக் கலந்துவிடுகிறார்கள். அதனால் பெற்றவர்கள் ஒவ்வொருவரும் உலகத்திலேயே தன் பிள்ளைதான் இப்படி என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. இந்த ஒரு கட்டுக் கடிதத்திலேயே உங்களைப் போல மூன்று தாய்மார் எழுதியிருக்கிறீர்கள்.

கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள், இரண்டு உயிர் வீணாகும். பிள்ளை கேட்கிற பெயரைச் சொல்லி ஒரு முறை கூப்பிட்டுப் பாருங்கள். வாய் தடுமாறும், பரவாயில்லை. சிகிச்சை, அறுவை சிகிச்சை எல்லாம் அவசரப்படுகிற விஷயம் இல்லை, படிப்பு நடந்துகொண்டே இருக்கட்டும், தகுந்த மனநல மருத்துவரிடம் நிதானமாகப் பேசி முடிவு எடுக்கலாம். அறுவை சிகிச்சை செய்தால்தான் அந்த அடையாளம் செல்லும் என்று யாரையும் வற்புறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014லேயே சொல்லிவிட்டது. இப்போதைக்கு அந்தப் பிள்ளைக்கு வேண்டியது சாப்பாட்டுத் தட்டு எப்போதும் போல அதே இடத்தில் இருப்பது.

நீங்கள் உருகி உருகி எழுதுகிறீர்கள். நான் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். வாரம் தவறாமல் வந்து காசு கேட்கிறார்கள், தராவிட்டால் சாபம் விடுகிறார்கள். என் கஷ்டத்தை யார் எழுதுவது? (ஈரோடு)

எழுதுகிறேன். மிரட்டிக் காசு வாங்குவது தப்பு, யார் செய்தாலும் தப்பு. உங்களுக்கு வருகிற எரிச்சல் நியாயமானது. இல்லை என்று மரியாதையாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

ஆனால் ஒரு கணக்கு சொல்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முதல் முறையாக ஆண், பெண் தவிர மூன்றாவதாக ஒரு கட்டம் வைத்தார்கள். நாடு முழுக்க சுமார் 4.88 லட்சம் பேர் அதில் வந்தார்கள். அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 56 சதவீதம், நாட்டின் பொதுவான அளவு 73 சதவீதம். அந்த இடைவெளி எங்கிருந்து வந்தது? மேலே தர்மபுரி ஆசிரியருக்கு எழுதினேனே, அங்கிருந்துதான். பதினாலு வயதில் பள்ளியை விட்டு ஓட வைக்கிறோம், வீடும் சேர்க்காது, குருவம்மா என்று அவர்கள் அழைக்கும் ஒரு மூத்த திருநங்கை சோறு போட்டுப் படுக்க இடம் தருகிறார், அந்த வீட்டு வாடகையைக் கட்ட கை தட்டிக் கேட்பதைத் தவிர வேறு தொழிலை நாம் விட்டு வைக்கவில்லை. உங்கள் கடைக்கு ஆள் தேவை என்று போன மாதம் போர்டு வைத்ததாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வாரம் வருகிறவரிடம் "கணக்கு எழுதத் தெரியுமாக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே. சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகத்தான் கேட்கிறேன்.

எங்கள் கல்லூரியில் ஏப்ரல் 15 திருநங்கையர் தினத்துக்கு விழா வைக்கிறோம். யாரைக் கூப்பிடலாம், என்ன பேசச் சொல்லலாம்? (திருச்சி)

நல்ல காரியம். அந்தத் தேதிக்கு இரண்டு சிறப்பு இருக்கிறது, மேடையில் சொல்லுங்கள். 2008 ஏப்ரல் 15ல்தான் இந்தியாவிலேயே முதல் முறையாக நம் மாநிலத்தில் திருநங்கையர் நல வாரியம் வந்தது. சரியாக ஆறு வருடம் கழித்து, 2014 ஏப்ரல் 15ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்துத் தீர்ப்பு சொன்னது.

யாரைக் கூப்பிட்டாலும், அவர் செய்கிற வேலையைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். நடனக்காரரிடம் நடனம், வக்கீலிடம் சட்டம். "எப்போது உணர்ந்தீர்கள், ஆபரேஷன் செய்துகொண்டீர்களா, வீட்டில் அழுதார்களா" என்று நூறு பேர் முன்னால் கேட்காதீர்கள். ஆபரேஷன் கேள்வியை வேறு எந்த விருந்தினரிடமும் கேட்போமா? பேச்சாளருக்கு மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே சன்மானத்தைக் கொடுங்கள், சால்வையோடு அனுப்பிவிடாதீர்கள். படித்துத் தயாராக வேண்டும் என்றால் மதுரையில் பிரியா பாபு நடத்துகிற திருநங்கையர் ஆவண மையத்துக்கு நாலு மாணவர்கள் ஒரு நாள் போய் வரலாம், இவர்களைப் பற்றிய புத்தகங்களும் ஆவணங்களும் அங்கே இருக்கின்றன.

இட ஒதுக்கீடு பற்றியும் ஒரு அமர்வு வையுங்கள். கிரேஸ் பானு பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநங்கை, தூத்துக்குடிக்காரர். தலித் என்றும் திருநங்கை என்றும் இரண்டு பக்கமும் ஒதுக்கப்பட்டவர். எல்லாத் திருநங்கைகளையும் எம்.பி.சி. என்று ஒரே பட்டியலில் போட்டால் தலித் திருநங்கை தன் எஸ்.சி. உரிமையை இழக்க வேண்டுமா என்று அவர் பல வருடமாகக் கேட்டுவருகிறார். எல்லாச் சாதிப் பிரிவுக்குள்ளும் திருநருக்கு உள் இடம் வேண்டும் என்பது கோரிக்கை, கர்நாடகம் 2021ல் ஒரு சதவீதம் கொடுத்தது. இங்கே எம்.பி.சி. பட்டியலில் போட்ட அரசாணையை 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பட்டிமன்றம் வைப்பதைவிட இதைப் பேசினால் மாணவர்களுக்கு உபயோகம்.

விழா முடிந்த மறுநாள் உங்கள் கல்லூரி விண்ணப்பப் படிவத்தையும் விடுதி விதிகளையும் எடுத்துப் பாருங்கள். ஒரு திருநம்பி மாணவர் சேர்ந்தால் எந்த விடுதி, எந்தக் கழிப்பறை என்று முதல்வரிடம் கேளுங்கள். பதிலை எனக்கு எழுதுங்கள், போடுகிறேன்.

நான் திருநங்கை. வயது 41. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டுவிட்டேன். இப்போது பத்தாவது எழுதலாமா, சிரிப்பார்களா? (விழுப்புரம் மாவட்டம்)

எழுதலாம் அம்மா. தனித்தேர்வராக எழுத மேல் வயது வரம்பு கிடையாது. அரசுத் தேர்வுகள் துறையின் சேவை மையம் உங்கள் மாவட்டத்தில் இருக்கும், அங்கே போய்த்தான் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் போய் தேதி மட்டும் கேட்டுக்கொண்டு வாருங்கள். அறிவியல் செய்முறைக்குத் தனியாகப் பெயர் பதிய வேண்டும், அதைப் பலர் மறந்துவிட்டு ஒரு வருடத்தை இழக்கிறார்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழில் பழைய பெயர் இருக்கும், உங்கள் ஆதாரில் இப்போதைய பெயர் இருக்கலாம். இந்த இரண்டும் பொருந்தாமல் போனால்தான் சிக்கல், அதனால் விண்ணப்பிக்கும் முன்னாலேயே மாவட்ட சமூக நல அலுவலகத்துக்குப் போய் அடையாளச் சான்றிதழுக்கும் பெயர் மாற்றத்துக்கும் இப்போது என்ன நடைமுறை என்று கேட்டு வாங்கிவிடுங்கள். நல வாரிய அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

பத்தாவது முடித்துவிட்டு, பிளஸ் டூவும் முடித்தால், அப்புறம் கல்லூரிச் செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. உயர்கல்வி படிக்கிற திருநங்கைகளின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும் என்று 2024 பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள்.

சிரிப்பார்களா என்று கேட்டீர்கள். தேர்வு அறையில் யாராவது இரண்டு பேர் திரும்பிப் பார்க்கலாம். கேள்வித்தாள் கொடுத்ததும் அவர்கள் பாடு அவர்களுக்கு. கணக்குதான் பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் முப்பத்தொரு வருடம் கணக்கு டீச்சர். பத்தாம் வகுப்புக் கணக்கில் எந்தப் பாடங்களைப் பிடித்தால் தேறிவிடலாம் என்று குறித்து, என் பழைய நோட்டு ஒன்றோடு உங்கள் முகவரிக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். புரியாததைப் பென்சிலில் சுழித்துத் திருப்பி அனுப்புங்கள். ஹால் டிக்கெட் வந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.